மோட்டர் கொட்டிலுக்குள் ஒரு சாண் வயர்

போன ஆவணியில் வட்டக்கச்சியில் இருந்து ஓர் ஆச்சி ஆள் விட்டிருந்தா. "தண்ணித் தாங்கியைத் தொட்டாச் சுள்ளெண்டு பிடிக்குது மோனை, ஒருக்கா வந்து பார்." செய்தி இவ்வளவுதான். பசு செத்ததை அவ சொல்லி அனுப்பவில்லை. பசு செத்ததற்கும் கறண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவவுக்குத் தோன்றியிருக்கவில்லை.

நான் கிளிநொச்சிப் பக்கம் தர்மபுரத்தில் இருக்கிறேன். பதினைந்து வருசமாக வயறிங் வேலை. சோளகம் புழுதியை வாரி முகத்தில் அடிக்க, என்னோடு வேலை பழகுகிற பொடியனையும் மோட்டச்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். முன்னுக்கு வீட்டுத்திட்ட வீடு, பிரான்சில் இருக்கிற மகன் பிறகு அனுப்பிய காசில் இழுத்துக் கட்டிய விறாந்தை, பின்னால் நீட்டுக்கு வளவு. வளவின் கோடியில் கிணறு. கிணற்றடியில் தகரக் கொட்டில், அதற்குள் ஒரு குதிரை வலு மோட்டர். கொட்டிலுக்குப் பக்கத்தில் அங்கிள் அயனில் அடித்த ஸ்ராண்டின் மேல் தண்ணித் தாங்கி. வீட்டில் இருந்து கொட்டில் மட்டும் எழுபது மீற்றர் இருக்கும். அந்தத் தூரம் முழுக்க ஒரு இரட்டை வயர் வேலிக் கதியால்களில் கட்டிக்கட்டிப் போகிறது. நடுவில் ஒரு இடத்தில் முறுக்கி இன்சுலேசன் ரேப் சுற்றிய மூட்டு. வெய்யிலில் அந்த ரேப் காய்ந்து கழன்று தொங்கியது.

ஆச்சியிடம் கேட்டேன், எப்ப பிடிக்கிறது என்று.

"பின்னேரத்திலதான் மோனை. லைற்றைப் போட்டிட்டுக் கால் கழுவப் போகேக்க. காலமை ஒண்டும் இல்லை."

"மோட்டர் ஒழுங்கா ஓடுதோ?"

"சில நாளைக்கு ஓடாது. மெல்லிசா உறுமும், தண்ணி வராது. நிப்பாட்டிப் போட்டுத் திரும்பப் போட்டா ஓடும்."

"வீட்டில ட்ரிப் விழுறேல்லையோ?"

"முந்தி விழுறது. மோட்டர் போட்டா வீட்டில கறண்ட் போயிடும். வயறிங் செய்த பொடியன் வந்து, ட்ரிப் பழுது எண்டு சொல்லி ஏதோ வயரை மாத்திக் குடுத்தவன். அதுக்குப் பிறகு விழுறேல்லை."

ட்ரிப் என்பது, கறண்ட் எங்கேயாவது கசிந்தால் தானாக விழுந்து கறண்டை வெட்டிவிடுகிற சுவிச். இந்த மூன்று பதில்களோடு எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மிச்சப் பாதி கொட்டிலுக்குள் இருந்தது. சுவரில் சின்னதொரு பிளாஸ்ரிக் சப் போர்ட், வீட்டு மெயின் போர்ட்டில் இருந்து பிரிந்து வருகிற கிளைப் பெட்டி. 20 அம்பியர் பிறேக்கர் ஒன்று, பிளக் பொயின்ற் ஒன்று, 60 வோட்ஸ் குண்டு பல்புக்கு ஒரு சுவிச். மெயினை நிப்பாட்டிவிட்டு மூடியைக் கழற்றினேன். நியூற்றல் வயர்கள் வந்து சேருகிற உலோகத் துண்டான நியூற்றல் பாரும், எர்த் வயர்கள் சேருகிற எர்த் பாரும் அருகருகே. இரண்டையும் சேர்த்து ஒரு சாண் நீளச் சிவப்பு வயர். எர்த் பாரில் இருந்து ஒரு பச்சை வயர் வெளியே போய்த் தாங்கி ஸ்ராண்டின் காலில் போல்ற் போட்டு இறுக்கியிருந்தது. நிலத்துக்குள் அடித்து இறக்குகிற எர்த் றொட் எங்கும் இல்லை.

அந்த ஒரு சாண் வயரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பக்கம் முழுக்க, மோட்டர் கொட்டில்களிலும் அரைக்கிற மில்களிலும் கோழிக் கூடுகளிலும் அதை நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். போட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு போடவில்லை. கேட்டால் எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்: "நியூற்றலும் எர்த்தும் ஒண்டுதானே அண்ணை, ட்ரான்ஸ்போமரில சேருதுதானே." என்னோடு வந்த பொடியனும் அன்றைக்கு அதையேதான் சொன்னான்.

ட்ரான்ஸ்போமரில் சேர்கிறது என்பது உண்மை. அங்கே நியூற்றலை நிலத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். மின்சார சபை வீட்டுக்குத் தருவது கறண்ட் வருகிற பேஸும் அது திரும்பிப் போகிற நியூற்றலும். எர்த்தை வீட்டுக்காரர் தன் வளவில் றொட் இறக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆக, எங்கள் முறையில் நியூற்றலும் எர்த்தும் சேருகிற இடம் ஒன்றே ஒன்று, அது ட்ரான்ஸ்போமர்த் தூணில் இருக்கிறது. எங்கள் படலைக்கு உள்ளே, மெயின் போர்ட்டிலோ சப் போர்ட்டிலோ, அவை இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது.

பொடியனுக்கு இதை இரணைமடுவை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன். குளத்துத் தண்ணீர் வாய்க்காலால் வயலுக்கு வருகிறது, அது பேஸ். வயலில் வேலை செய்து முடித்த தண்ணீர் கழிவு வாய்க்காலால் திரும்பிப் போகிறது, அது நியூற்றல். கழிவு வாய்க்காலில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும், அதன் வேலையே அதுதான். எர்த் என்பது குளத்தின் வான் மாதிரி, மிஞ்சிய வெள்ளம் வெளியே போகிற வழி. வெள்ளம் வந்தால் மட்டும் பாய வேண்டும், மற்ற நாளெல்லாம் காய்ந்து கிடக்க வேண்டும். காய்ந்து கிடக்கிற படியால்தான் ஆடு மாடும் பிள்ளைகளும் அதற்குள் நடந்து திரிகிறார்கள். நீ கழிவு வாய்க்காலை வெட்டி வானுக்குள் விட்டால், நாளாந்தம் ஓடுகிற தண்ணீரில் ஒரு பங்கு அவர்கள் நடக்கிற இடத்தால் போகும். கழிவு வாய்க்கால் அடைபட்டால் முழுத் தண்ணீரும் அங்கேதான் பாயும்.

ஆச்சி வீட்டில் நடந்தது இந்த இரண்டும்தான், ஒன்றன் பின் ஒன்றாக.

முதலில் ட்ரிப் விழுந்த கதை. ஒரு குதிரை வலு மோட்டர் ஓடும்போது ஆறு அம்பியர் மட்டில் இழுக்கும். எழுபது மீற்றர் நீளம், 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் என்றால் நியூற்றல் கம்பியின் தடை அரை ஓம் அளவில் வரும். ஆறு அம்பியர் அதனூடாகத் திரும்பும்போது கொட்டில் பக்க நியூற்றல் வீட்டுப் பக்கத்தை விட மூன்று வோல்ற் உயரும். மூன்று வோல்ற் ஆரையும் அடிக்காது. ஆனால் அந்தச் சிவப்பு வயர் அந்த மூன்று வோல்ற்றையும் ஸ்ராண்டுக்கும், ஸ்ராண்டால் நிலத்துக்கும் கொடுக்கிறது. ஸ்ராண்டின் கால்கள் நிலத்தோடு எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று பிறகு எர்த் மீற்றரால் அளந்தேன், 110 ஓம். மூன்றை 110ஆல் பிரித்தால் 27 மில்லி அம்பியர். அவ்வளவும் நியூற்றலை விட்டுவிட்டு மண்ணால் ட்ரான்ஸ்போமருக்குத் திரும்புகிறது. வீட்டில் இருந்த ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியருடையது. 30 என்று எழுதியிருந்தாலும் அது 15க்கும் 30க்கும் இடையில் எங்கேயும் விழலாம், அதுதான் அதன் தரம். மோட்டர் தொடங்கும்போது இழுவை ஐந்து மடங்குக்குப் போகிறது, அப்போது கசிவும் ஐந்து மடங்கு. விழாமல் என்ன செய்யும்?

ட்ரிப் பழுதில்லை. பேஸால் போனது நியூற்றலால் முழுதாகத் திரும்பி வரவில்லை என்று கண்டு, தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. அதன் வாயைத்தான் அடைத்துவிட்டார்கள். கொட்டிலுக்குப் போகிற வயரை ட்ரிப்புக்கு முன்னாலேயே, மெயின் சுவிச்சின் வாயில் இருந்து எடுத்துக் கொடுத்திருந்தது.

இரண்டாவது, நடுவில் இருந்த மூட்டு. காற்று அடிக்கிற நாளில் கதியால் ஆட, அந்த முறுக்கில் நியூற்றல் விட்டுவிட்டுத் தொட்டது. நியூற்றல் விட்டுப்போனால், வேறு வீடாக இருந்தால் கொட்டிலில் பல்பு எரியாது, மோட்டர் ஓடாது, ஆரும் வந்து திருத்துவார்கள். இங்கே பல்பு எரிந்தது. பல்பால் வந்த கறண்ட் நியூற்றல் பாருக்கு வந்து, சிவப்பு வயரால் எர்த் பாருக்குத் தாவி, பச்சை வயரால் ஸ்ராண்டுக்குப் போய், மண்ணுக்குள் இறங்கியது. 60 வோட்ஸ் பல்பின் தடை எரியும்போது 880 ஓம் மட்டில். அதோடு ஸ்ராண்டின் 110. 230 வோல்ற்றில் பல்பு 205ஐ எடுத்துக்கொள்ள, ஸ்ராண்டில் 25 வோல்ற் நிற்கும். 205இல் பல்பு கொஞ்சம் மங்கும், ஆச்சியின் கண்ணுக்கு அது தெரியாது. ஈரக் கையும் ஈரக் காலுமாகத் தொட்டால் 25 வோல்ற் சுள்ளென்று பிடிக்கும். பின்னேரத்தில் மட்டும் பிடித்தது இதனால்தான்.

அதே நேரத்தில் மோட்டரைப் போட்டால்? நின்றுகொண்டிருக்கிற மோட்டரின் சுருளுக்குத் தடை மிகக் குறைவு, பத்து ஓமுக்கும் கீழே. 230 வோல்ற்றில் பெரும் பங்கு ஸ்ராண்டின் தலையில்தான் விழும். நான் மண்ணுக்குள் ஸ்குரூ ட்ரைவரைக் குத்தி, அதற்கும் ஸ்ராண்டுக்கும் இடையில் மீற்றரை வைத்துக்கொண்டு, பொடியனைக் காய்ந்த தடியால் மூட்டை ஆட்டச் சொன்னேன். மீற்றர் 200க்கு மேல் துள்ளியது. மோட்டர் சுற்றவில்லை, மெல்லிய உறுமல் மட்டும் கேட்டது. ஓடிய கறண்ட் இரண்டு அம்பியர். 20 அம்பியர் பிறேக்கருக்கு இரண்டு அம்பியர் ஒரு பொருட்டே இல்லை. விடிய விடிய அப்படியே நின்றிருக்கும்.

உறுமலைக் கேட்டதும் ஆச்சி கேட்டா, "இப்பிடித்தான் அண்டைக்கும் உறுமினது. அண்டைக்குத்தானே மாட்டைப் பாம்பு கடிச்சது?"

பசுவை எங்கே கட்டியிருந்தது என்று கேட்டேன். அவ ஸ்ராண்டின் காலைக் காட்டினா. இரும்புச் சங்கிலி, கழுத்தில் ஒரு சுற்று, மற்ற முனை ஸ்ராண்டில். காலடியில் தாங்கி வழிந்த சேறு. காலையில் மோட்டரைப் போட்டுவிட்டு முற்றம் கூட்டப் போயிருக்கிறா, திரும்பி வந்து பார்க்க மாடு விழுந்து கிடந்தது. நுரை தள்ளியிருந்தபடியால் பாம்பு என்று முடிவு கட்டி, வளவுக்குள்ளேயே தாட்டிவிட்டார்கள். மீள்குடியேறி வந்த காலத்தில் வாழ்வாதார உதவியாகக் கிடைத்த மாட்டின் கன்று அது. அவ பெயர் சொல்லித்தான் கதைத்தா. நான் விசயத்தைச் சொன்னபோது ஒன்றும் பேசாமல் ஸ்ராண்டையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு, "பிள்ளையள் லீவுக்கு வந்தா இதுக்குக் கீழதானே குளிக்கிறவை" என்றா.

சேறு, இரும்பு, சங்கிலி. மாட்டுக்கு இருந்தது எல்லாம் குளிக்கிற பிள்ளைக்கும் இருக்கும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். வன்னியில் என் வயதுக்காரர் கறண்டைக் கண்டு வளரவில்லை. 1990களில் ஜாம் போத்தலில் திரி போட்டு மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம். அந்த மண்ணெண்ணெய்யும் அளந்து அளந்து. ரேடியோ கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினோம். ஜெனரேற்றர் இருந்த இடங்களில் இரண்டு வயரை இழுத்து பல்பைக் கட்டினால் சரி, எர்த் என்ற சொல்லே எங்கள் காதில் விழுந்ததில்லை. 2009க்குப் பிறகு, மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்து காடாகிக் கிடந்த வளவுகளைத் துப்புரவாக்கி வீடு கட்டும்போதுதான் தூணும் வயரும் வந்தன. கொஞ்சக் காலத்துக்குள் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு வயறிங் செய்ய வேண்டியிருந்தது. வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம், வேலை பழகியவர்கள் கொஞ்சம், வேலையைப் பார்த்தவர்கள் கனபேர். ஆரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். தகப்பன் சொல்லித் தந்து, அயலில் பட்டுத் தெளிந்து வருகிற பயம் எங்களுக்கு வந்து சேர நேரம் இருக்கவில்லை. ஆகையால் எழுதியாவது வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது புதிதாக ஒரு குழப்பமும் வருகிறது, வீடியோக்களால். என் பொடியனே ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். அமெரிக்காவில் ஒருவர் வீட்டு மெயின் பெட்டியைத் திறந்து, நியூற்றல் பாரைப் பெட்டியோடு ஒரு பச்சை ஸ்குரூவால் இறுக்கிவிட்டு, இது கட்டாயம் என்கிறார். "அவங்கள் சேர்க்கினம்தானே அண்ணை?" என்றான். சேர்க்கிறார்கள், உண்மை. ரொறன்ரோவில் என் மச்சான் இதே வேலைதான் செய்கிறார், அவரிடமும் கேட்டேன். அவர் சொன்னது: "மெயினில ஒரு இடத்தில சேர்ப்பம். அதுக்குப் பிறகு வாற எந்த சப் பெட்டியிலயும் சேர்த்தமெண்டால் இன்ஸ்பெக்டர் வேலையைத் திருப்பி விட்டிடுவார்." சப் பெட்டியில் அந்தப் பச்சை ஸ்குரூவைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். அங்கே 120 வோல்ற் பேஸ் இரண்டு, நியூற்றல், எர்த் என்று நான்கு வயர் போகும். நியூற்றலுக்குத் தனி பார், எர்த்துக்குத் தனி பார். வீட்டில் இருந்து தனிக் கட்டடத்துக்கு மூன்று வயரோடு போய் அங்கே சேர்த்துக்கொள்வதை முன்னர் அமெரிக்க விதிகளும் சில நிபந்தனைகளோடு விட்டிருந்தன. 2008 பதிப்போடு புதிய வேலைகளுக்கு அதையும் நிறுத்திவிட்டார்கள்.

அவர்கள் மெயினில் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் வீட்டு எர்த் கறண்ட் திரும்பிப் போவது மண்ணால் அல்ல, அந்தச் சேர்க்கையூடாகச் சபையின் தடித்த நியூற்றல் கம்பியால். தடை மிகக் குறைவு, ஓரிடத்தில் பேஸ் இரும்பைத் தொட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்ந்து பிறேக்கர் உடனே விழும். லண்டன் பக்கத்தில் பல வீடுகளில் சபைக்காரரே மீற்றரடியில் அதைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அங்கேயும் வீட்டுக்காரர் தொடுவதில்லை. ஊருக்கு ஊர் சேருகிற இடம் மாறும். தூணில், மீற்றரடியில், மெயின் பெட்டியில். ஆனால் நான் சொன்ன இந்த ஊர்களில் ஒரு வீட்டுக்கு அது ஒரு இடம்தான், புது வேலைகளில் அது சப் போர்ட் இல்லை. அமெரிக்க வீடியோவின் முதல் பாதியைப் பார்த்துவிட்டு எங்கள் போர்ட்டில் கை வைக்கிற பொடியள் இதைக் கவனிக்க வேணும்.

எங்களுக்கு எர்த் கறண்ட் மண்ணால்தான் போக வேண்டும். நல்ல றொட் இறக்கினாலும் கிறவல் நிலத்தில், ஆடி ஆவணி வறட்சியில் 50, 60 ஓமுக்குக் கீழே கொண்டுவருவது பெரும்பாடு. 230ஐ 60ஆல் பிரித்துப் பாருங்கள், நான்கு அம்பியரும் இல்லை. எந்தப் பிறேக்கரும் இதற்கு விழாது. "எர்த் போட்டிருக்கு, பயமில்லை" என்கிற கதை இங்கே செல்லாது. எங்களைக் காப்பது எர்த்தும் ட்ரிப் சுவிச்சும் சேர்ந்துதான். ட்ரிப் இருந்தால் அதே 60 ஓம் தாராளம். 30 மில்லி அம்பியரை 60ஆல் பெருக்கினால் இரண்டு வோல்ற்றும் வராது, அதற்குள் அது விழுந்துவிடும். ட்ரிப்பைக் கழற்றிய எங்கள் வீடு, எர்த் இருந்தும் எர்த் இல்லாத வீடு.

வேலை ஒன்றரை நாள் எடுத்தது. சிவப்பு வயரை வெட்டி எடுத்தேன். கதியாலில் தொங்கிய வயரை முழுக்கக் கழற்றி, மூட்டே இல்லாமல் 4 சதுர மில்லிமீற்றரில் பேஸ், நியூற்றல், எர்த் மூன்றையும் குழாய்க்குள் விட்டு வேலியோரம் தாட்டோம். வாழைக்குப் போகிற தண்ணீர் எப்போதும் ஊறி நிற்கிற இடம் பார்த்துப் புது எர்த் றொட் இறக்கினோம். இரண்டு முழத்துக்குக் கீழே கிறவல் பிடிக்கவில்லை, பொடியன் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பின்னேரம் மட்டும் நின்று அடித்தான். றொட், ஸ்ராண்ட், மோட்டர் உடம்பு, வீட்டில் இருந்து வந்த எர்த் எல்லாம் எர்த் பாரில். நியூற்றல் தன் பாரில் தனியே. கொட்டில் லைனைத் திரும்ப ட்ரிப்புக்குப் பின்னால் கொண்டுபோய் மாட்டினேன். மோட்டரைப் போட்டோம். ட்ரிப் விழவில்லை. ஆச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. "பழுதெண்டு சொன்ன அதே ட்ரிப்போ?" என்றா. அதேதான்.

உங்கள் வளவில் சப் போர்ட் இருந்தால், வயறிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு இதைச் செய்யச் சொல்லுங்கள். மெயினை நிப்பாட்டி, சப் போர்ட்டுக்கு வருகிற நியூற்றலைக் கழற்றி, நியூற்றல் பாருக்கும் எர்த் பாருக்கும் இடையில் மீற்றரின் பீப்பை வைத்துப் பார்க்க வேண்டும். சத்தம் வரக்கூடாது. வந்தால் எங்கேயோ இரண்டும் தொடுகின்றன. போர்ட்டுக்குள் தெரிகிற வயராக இருக்காது சில நேரம். பிளக் பொயின்ற்றுக்குள் நியூற்றலையும் எர்த்தையும் சேர்த்து ஒரு துண்டு போட்டிருப்பார்கள், அல்லது மோட்டரின் பெட்டிக்குள். விசுவமடுவில் ஒரு மில்லில் அரை நாள் தேடி, கடைசியில் ஒரு பழைய வெல்டிங் பிளக்குக்குள் கண்டுபிடித்தோம். நிறத்தையும் நம்ப வேண்டாம். பழைய வயரில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூற்றல், பச்சை எர்த். புது வயரில் பிறவுண், நீலம், பச்சை மஞ்சள். ஒரே வளவில் இரண்டும் கலந்து கிடக்கும், கைக்குக் கிடைத்த நிறத்தால் கட்டியதும் கிடக்கும்.

ஜெனரேற்றரைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் சேர்க்கக்கூடாது என்று நான் இவ்வளவும் சொன்ன அதே வயரை அங்கே சேர்க்க வேண்டியிருக்கும். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மட்டும் கறண்ட் நின்றபோது இங்கே கனபேர் சின்ன ஜெனரேற்றர் வாங்கினார்கள். அவற்றில் பலதில் சுருளின் இரண்டு முனையும் எதோடும் சேராமல் நிற்கும். அதை வீட்டு வயறிங்குக்குக் கொடுத்தால் ட்ரிப் குருடாகிவிடும், கசிகிற கறண்ட் மண்ணால் திரும்பி வர ஜெனரேற்றருக்கு வழியே இல்லை. முதல் கசிவு ஆருக்கும் தெரியாமல் கிடக்கும், இரண்டாவது கசிவு வரும்போது ஆளைப் பிடிக்கும். ஆகையால் ஜெனரேற்றர் வீட்டுக்குக் கொடுக்கும்போது, அதன் அடியில், ட்ரிப்புக்கு முன்னால், ஒரு முனையை எர்த்தோடு சேர்க்க வேண்டும். அப்போது அந்த முனை நியூற்றல் ஆகிறது. கறண்ட் எங்கே பிறக்கிறதோ அங்கே ஒரு தரம், அவ்வளவுதான் விதி. சபைக் கறண்டுக்கு ட்ரான்ஸ்போமரடி, ஜெனரேற்றர் கறண்டுக்கு ஜெனரேற்றரடி. ஆனால் வீட்டைச் சபைக் கறண்டில் இருந்து ஜெனரேற்றருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிச் பேஸையும் நியூற்றலையும் இரண்டையும் மாற்றுகிறதாக இருக்க வேண்டும். பேஸை மட்டும் மாற்றுகிற சுவிச் போட்டால், சபைக் கறண்ட் வந்த பிறகும் ஜெனரேற்றரடிச் சேர்க்கை உங்கள் வளவுக்குள் ஆச்சியின் சிவப்பு வயர் மாதிரியே வேலை செய்யும். இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயரால் ஜெனரேற்றரைச் சுவர் பிளக்கில் செருகுகிற பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். அந்தக் கறண்ட் உங்கள் மீற்றரைத் தாண்டித் தூணுக்குப் போய், லைனில் வேலை செய்கிறவரைக் கொல்லும்.

ஆச்சிக்கு ட்ரிப்பில் இருக்கிற ரெஸ்ற் பட்டனைக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். பறுவத்துக்குப் பறுவம் ஒரு தரம் அமத்திப் பார்க்கச் சொன்னேன். அது ட்ரிப்பின் உள்ளுறுப்பு வேலை செய்கிறதா என்று மட்டும்தான் காட்டும், எர்த் நல்லதா என்று காட்டாது. எர்த்தை நான் வருசத்துக்கு ஒருக்கா, வறட்சியில் வந்து அளந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். மாரியில் அளந்தால் மண் பொய் சொல்லும். ஒவ்வொரு பறுவத்துக்கும் அவ போன் எடுக்கிறா. "விழுந்தது மோனை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவா.

அதே ஒழுங்கையில் இன்னும் மூன்று கொட்டில்களில் அதே கையால் செய்த வேலை இருந்தது. இரண்டு வீட்டில் திருத்திக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது வீட்டு ஐயா, மோட்டர் ஓடுதுதானே, ஓடுறதில ஏன் கை வைக்கிறாய் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவருடைய கொட்டிலில் இரண்டு ஆடு கட்டியிருக்கிறது. பேரப்பிள்ளை ஒன்றும் தவழுகிறது. வாற சனிக்கிழமை ஆச்சியையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போகிறேன். ஒரு ட்ரிப்பும் ஒரு றொட்டும் மோட்டச்சைக்கிளில் கட்டியபடியே இருக்கின்றன.